அல்ப்ஸ் மலைத் தொப்பியும் அதற்கு உரியோரும்

மனிதன் அணியும் பொருள்களுள் தலையணிக்குத் தனியொரு மதிப்பு உண்டு. காலணி வாயிலோடு நின்றுவிடும். தலையணியோ அரசவை வரை செல்லும். மணிமுடி, தலைப்பாகை, குல்லாய், தொப்பி எனப் பெயர்கள் பலவாயினும், தலைமேல் இருப்பது ஒருவனுடைய ஊர், தொழில், பதவி என்பவற்றை அவன் வாய் திறப்பதற்கு முன்னரே அறிவித்துவிடுகின்றது. ஆகவேதான் பல நாடுகளின் வரலாற்றில் தலையணியைப் பற்றிய ஆணைகளும் பூசல்களும் இடம்பெற்றுள்ளன.

இவ்வாணைகளுள் உலகம் நன்கறிந்த ஒன்று வில்லியம் டெல் என்னும் வீரனின் கதையிலே வருவது. சுவிற்சர்லாந்தின் அல்ட்டோர்வ் என்னும் ஊரின் நடுவே ஒரு கம்பத்தை நாட்டி, அதன்மேல் தன் தொப்பியை மாட்டி, வழிச்செல்வோர் யாவரும் அதற்குத் தலை வணங்குதல் வேண்டும் என்று கெஸ்லர் என்னும் கொடிய அதிகாரி கட்டளையிட்டான். டெல் வணங்க மறுத்தான்; அதன் பயனாய்த் தன் மைந்தனின் தலைமேல் வைத்த அப்பிள் பழத்தை அம்பெய்து வீழ்த்த வேண்டியவனானான். 1470ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சுவிஸ் ஏடொன்றிலே காணப்படும் இக்கதையை, ஜேர்மன் கவிஞர் ஷில்லர் 1804ஆம் ஆண்டில் நாடகமாக்கி உலகறியச் செய்தார். டெல் மெய்யாக வாழ்ந்தவன் என்பதற்குச் சான்று இல்லை என்பர் வரலாற்றாசிரியர்.

ஆனால், அதே அல்ப்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியிலே, 1938ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பிறந்த மற்றோர் ஆணை கதையன்று. கெஸ்லரின் ஆணை, தொப்பிக்கு வணங்குக என்றது. சால்ஸ்பேர்க் நகரத்துக் காவற்றுறையின் ஆணையோ, குறித்த ஓர் இனத்தார் மலைநாட்டுத் தொப்பியைத் தலையில் வைத்தலே குற்றம் என்றது. உழவனும் வேடனும் மழைக்கும் வெயிலுக்கும் அணிந்த எளிய தொப்பி ஒன்று இத்தகைய ஆணைக்கு உரிய பொருளானது எவ்வாறு? அதனை அறிய வேண்டின், அத்தொப்பி வந்த வழியைத் தொடக்கம் முதல் காணுதல் வேண்டும்.

தெற்கு ஜேர்மனியின் பவேரியாவிலும், ஒஸ்திரியாவின் திரோல், ஸ்டீரியா, சால்ஸ்பேர்க் ஆகிய பகுதிகளிலும் வழங்கும் தொப்பிகள் பெரும்பாலும் ஒருவகைக் கம்பளியால் ஆனவை. அக்கம்பளி தறியிலே நெய்யப்படுவதன்று. ஆட்டு மயிரையோ, முயலின் மென்மயிரையோ பரப்பி, வெந்நீராலும் ஆவியாலும் நனைத்து, உருட்டியும் அழுத்தியும் வர, மயிர்கள் ஒன்றோடொன்று பிணைந்து பிரிக்க இயலாத தடித்த துணியாகின்றன. அதனை மர அச்சின்மேல் இழுத்து உலர்த்தினால் தொப்பியின் உருவம் அமைகின்றது. மழை எளிதில் உட்புகாது, குளிர் தாக்காது, மடித்தாலும் உடையாது. மலைவாழ்வோர்க்கு வேண்டியன இவையே. ஐரோப்பியத் தொப்பித் தொழிலாளர் பலர் முயல் மயிரைப் பதப்படுத்தப் பாதரசக் கலவையைக் கையாண்டமையால், கைந்நடுக்கமும் மனத்தளர்ச்சியும் உற்று வருந்தினர் என்பதும் இத்தொழிலின் வரலாற்றிலே மறக்கற்பாலதன்று.

தொப்பியின் வடிவம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபட்டது. ஓரிடத்திலே உச்சி கூர்மையாய் இருக்கும். வேறோரிடத்திலே தட்டையாய் இருக்கும். ஓரிடத்தில் விளிம்பு குடைபோல் அகன்றிருக்கும். மற்றோரிடத்தில் ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஸ்டீரியாவின் அவுசே என்னும் ஊர்த் தொப்பி கறுப்பு நிறமும் பச்சைப் பட்டியும் உடையது. வெளியூரார் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினும், உள்ளூரார் தொலைவிலே வருபவனின் தொப்பியைக் கொண்டே அவன் எம்மலைச் சரிவினன் என்று சொல்லிவிடுவர்.

தொப்பியிற் செருகும் அணிகள் அதற்கு மேலும் சிறப்பளித்தன. அவற்றுள் தலையாயது ஜேர்மன் மொழியிலே காம்ஸ்பார்ட் எனப்படுவது. காம்ஸ் என்பது செங்குத்தான பாறைகளிலே தாவித் திரியும் ஒருவகை மலையாடு. பார்ட் என்றால் தாடி. பெயர் தாடியெனினும், அம்மயிர் தாடியிலிருந்து எடுக்கப்படுவதன்று. குளிர்கால உரோமம் முற்றிய கிடாவின் முதுகுத் தண்டின் வழியே வளரும் நீண்ட மயிரே அது. அடி கருமையாகவும் நுனி வெண்மையாகவும் உள்ள மயிர்களை ஒன்றொன்றாய்த் தெரிந்து, நீளம் நோக்கி அடுக்கி, நூலாற் கட்டி, விசிறிபோல் விரியச் செய்வர். நுனியிலுள்ள அவ்வெண்மையைப் பனி உறைந்தது போன்றதெனப் பாராட்டுவர். பொறுமை மிக்க இவ்வேலைக்குப் பல நாட்கள் செல்லும். ஆதலால் நல்ல காம்ஸ்பார்ட் ஒன்றின் விலை தொப்பியின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். கறுப்புக் காட்டுச்சேவலின் வளைந்த வாலிறகும், கழுகின் மென்றூவியும், பாறையிடுக்கில் மலரும் எடல்வைஸ் என்னும் வெண்மலரும் இவ்வாறே தொப்பியில் இடம்பெற்றன. மலையின் உச்சிவரை ஏறிய கால்களுக்கு இவை சான்றாக அமைந்தன.

தொப்பி இல்லறச் செய்தியையும் சொல்லும். இன்று இத்தாலியின் ஆட்சியிலுள்ள தென் திரோலின் சார்ன் பள்ளத்தாக்கிலே, மணமாகாத ஆடவனின் தொப்பியிலே சிவப்புக் கயிறும், மணமானவனின் தொப்பியிலே பச்சைக் கயிறும் சுற்றப்படும். அல்ப்ஸ் மலைக்கு வடமேற்கே, தென்மேற்கு ஜேர்மனியின் கருங்காடு என்னும் பகுதியிலே பெண்கள் அணியும் பொல்லன் தொப்பியும் இதே செய்தியைச் சொல்வது. வெண்சாந்து பூசி விறைப்பாக்கிய வைக்கோற் றொப்பியின்மேல் 14 கம்பளிப் பந்துகள் தைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 11 மட்டுமே கண்ணுக்குத் தெரியும். திருச்சபையிலே திடப்படுத்தல் பெற்ற கன்னிப் பெண்ணுக்குப் பந்துகள் சிவப்பு, மணமானவளுக்குக் கறுப்பு. இரண்டு கிலோகிராம் வரை நிறையுள்ள இத்தொப்பியைத் தாங்கி நிமிர்ந்து நடத்தலும் ஒரு கலையே.

இங்ஙனம் உழவர்க்கும் வேடர்க்கும் உரியதாயிருந்த மலைத்தொப்பி அரசியலினுள் நுழைந்தது 1809ஆம் ஆண்டிலே எனலாம். நெப்போலியனின் வெற்றியால் 1805ஆம் ஆண்டில் திரோல் நாடு ஒஸ்திரியாவிடமிருந்து பறிக்கப்பட்டுப் பவேரியாவுக்கு அளிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் திரோல் உழவர் கிளர்ந்தனர். அவர்களுக்குத் தலைமை பூண்டவர் அந்திரேயாஸ் ஹோபர் என்னும் விடுதிக்காரர். அகன்ற விளிம்புடைய தொப்பியும் நெடுந்தாடியும் உடையவராய் அவரை ஓவியங்கள் காட்டுகின்றன. இன்ஸ்புறுக் நகரை அடுத்த பேர்க் ஈசல் குன்றிலே பவேரியப் படையையும் பிரெஞ்சுப் படையையும் அவர் முறியடித்தார். ஆயினும் இறுதியிலே பிடிபட்டு, 1810ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி இத்தாலியின் மாந்துவா நகரிலே சுடப்பட்டு இறந்தார். அன்று முதல் திரோல் தொப்பி விடுதலையின் சின்னமாயிற்று. இன்று உலகம் ஒரே குடும்பத்து உடையெனக் கருதும் பவேரியத் தொப்பியும் திரோல் தொப்பியும் அன்று எதிரெதிர் அணிகளில் நின்றன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்கிளர்ச்சிக்குத் துணைநின்ற ஒஸ்திரியப் பேரரசரின் தம்பி யோஹான், பின்னர்த் திரோலுக்குட் செல்லலாகாதெனத் தமையனாராலேயே தடுக்கப்பட்டார். அவர் ஸ்டீரியா நாட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, சாம்பல் நிற மேலங்கியும் பச்சைக் கரையும் கொண்ட அந்நாட்டு வேடர் உடையைத் தாமே அணிந்தார். ஓவியரை அமர்த்தி ஊர்தோறும் மக்களின் உடைகளை வரைவித்தார். 1811ஆம் ஆண்டில் கிராஸ் நகரிலே அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். அவுசே ஊர் அஞ்சல் நிலையத் தலைவரின் மகள் அன்னா பிளொஹ்ல் என்பாரை 1829ஆம் ஆண்டில் மணந்தமை அரசவையை வியப்பில் ஆழ்த்தியது. இளவரசர் அணிந்ததைப் பிரபுக்களும் அணியத் தலைப்பட்டனர். பிற்காலத்துப் பேரரசர் பிரான்ஸ் யோசெப்பும் இஷ்ல் நகரிலே வேட்டைக்குச் செல்லும்போது தோற்காற்சட்டையும் காம்ஸ்பார்ட் செருகிய தொப்பியுமே அணிவது வழக்கம். குடிமகனின் தொப்பி கோமகனின் தலைக்கு ஏறிய வரலாறு இது.

அதே காலத்திலே பாடகர் மூலமாகவும் இத்தொப்பி கடல் கடந்தது. சில்லர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரைனர் குடும்பத்தார் மலைநாட்டு உடையணிந்து ஐரோப்பிய நகரங்களிலே பாடித் திரிந்தனர். 1827ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று மன்னர் நான்காம் ஜோர்ஜின் முன்னிலையிலும் பாடினர். 1839ஆம் ஆண்டில் அக்குடும்பப் பெயரைத் தாங்கிய குழுவொன்று அமெரிக்காவுக்கும் சென்றது. அதன்பின் மேடையிலே கூர்ந்த தொப்பியும் இறகும் தோன்றினால் அது அல்ப்ஸ் மலை என்று எந்நாட்டாரும் அறிந்துகொண்டனர்.

வெளியே புகழ் வளர, உள்ளே வழக்கம் தேய்ந்தது. புகைவண்டியும் ஆலைத்துணியும் மலைக்கு வந்தபின், உழவர் தம் பழைய உடையைப் பெட்டியிலே வைத்துவிட்டு நகரத்து ஆடையை வாங்கலாயினர். அந்நிலையிலே பவேரியாவின் பைரிஷ்செல் என்னும் சிற்றூரின் பள்ளிக்கூட ஆசிரியர் யோசெப் வோகல், 1883ஆம் ஆண்டிலே நண்பர் சிலரைச் சேர்த்துப் பழைய உடையைக் காக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். அதனைப் பின்பற்றி ஊர்தோறும் சங்கங்கள் தோன்றின. 1895ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து ஒக்டோபர் விழாவிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் வட்டார உடையிலே ஊர்வலம் சென்றனர். இச்சங்கங்கள் இல்லாதிருப்பின் பல தொப்பிகள் பெயரளவிலேனும் எஞ்சியிரா. எனினும், காலந்தோறும் மாறிவந்த உழவர் உடையை இதுவே பழமை, இதுவே முறை என்று விதித்து நிறுத்தியவையும் அவையே. கருங்காட்டுப் பொல்லன் தொப்பி ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமையே உடையது என்பதை நோக்கின், தொன்மை என்னும் சொல்லை எவ்வளவு கவனத்துடன் கையாளுதல் வேண்டும் என்பது விளங்கும்.

இனி, இவ்வரலாற்றின் முதன்மையான பகுதி வருகின்றது. மலைத்தொப்பியை மலைக்கு வெளியே போற்றி வளர்த்தவருள் அம்மலையிலே பிறவாதோர் பலர்; அவருள்ளும் யூதர் சிலர் குறிப்பிடத்தக்கவர்.

முதலாவதாக, வல்லாக் சகோதரர். ஜேர்மனியின் மேற்குப் பகுதியான வெஸ்ட்பாலியாவிலிருந்து வந்த யூலியஸ், மோரிஸ் என்னும் இவ்விருவரும் 1900ஆம் ஆண்டளவில் மியூனிக் நகரிலே மலைநாட்டு உடை விற்கும் கடையொன்றைத் திறந்தனர். உழவர் வீடுகளின் பழம்பொருள்களைத் தேடித் திரட்டி, அவற்றை மாதிரியாகக் கொண்டு புதிய உடைகளைத் தைப்பித்தனர். 1910ஆம் ஆண்டிலே ஒக்டோபர் விழாவின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது ஊர்வலத்துக்கு உடையளித்தவரும் அவரே. நகரமாந்தர் மலைநாட்டு உடையை விரும்பி அணியும் வழக்கம் பரவியதற்கு இக்கடை பெருங்காரணமாயிற்று.

இரண்டாமவர் கொன்ராட் மவுட்னர். வியன்னா நகரத்து யூதத் துணியாலை அதிபர் ஒருவரின் மகனாக 1880ஆம் ஆண்டிலே பிறந்த இவர், ஸ்டீரியாவின் குருண்டல் ஏரிக்கரையிலுள்ள கோசல் என்னும் சிற்றூரின்மீது தீராக் காதல் கொண்டார். அவ்வூராரோடு தங்கி, அவர் பேச்சைப் பேசி, அவர் தொப்பியையும் உடையையும் அணிந்து, அவர் பாடல்களை இசையோடு எழுதி 1910ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். உடைகளையும் அவற்றின் வரலாற்றுக் குறிப்புகளையும் ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். 1924ஆம் ஆண்டில் இளவயதிலேயே அவர் மறைந்தபின், அக்குறிப்புகளைக் கொண்டு அறிஞர் விக்டர் கெராம்ப் எழுதி முடித்த ஸ்டீரிய உடை நூல், இத்துறையிலே அடிப்படை நூலாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

மூன்றாமவர் இசையமைப்பாளர் லெயோன் யெசல். யூதக் குடும்பத்திற் பிறந்து கிறித்தவ சமயத்தைத் தழுவிய இவருடைய, கருங்காட்டுப் பெண் என்னும் பொருளுடைய பெயர் கொண்ட இசை நாடகம் 1917ஆம் ஆண்டு பேர்லின் நகரிலே முதன்முதலாக மேடையேறியது. பொல்லன் தொப்பி மெய்யாக வழங்கியது கூட்டாக், கிர்ன்பாக், றைகென்பாக் என்னும் மூன்று ஊர்களிலே மட்டுமே. கூட்டாக்கிலே குடியேறிய வில்ஹெல்ம் ஹாசெமன் முதலிய ஓவியரின் ஓவியங்களும், பின்னர் யெசலின் இசை நாடகமும் அம்மூவூர்த் தொப்பியைக் கருங்காடு முழுவதற்குமே அடையாளமாக்கின.

1938ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. சில மாதங்களுள் சால்ஸ்பேர்க் காவற்றுறையின் ஆணை வெளியாயிற்று. தோற்காற்சட்டை, மலைநாட்டுச் சட்டை, பெண்டிரின் பாவாடைச் சட்டை, வெண்ணிறக் காலுறை, திரோல் தொப்பி ஆகியவற்றை யூதர் பொதுவிடங்களிலே அணிதல் தடுக்கப்பட்டது. அவ்வுடை உண்மையானதாயினும் போலியானதாயினும் தடை ஒன்றே. மீறியவருக்கு 133 மார்க் வரை தண்டம், அன்றேல் இரண்டு வாரம் வரை மறியல். பெரும்போரும் பேரழிவும் நிகழ்ந்த காலத்தை நோக்கும்போது இது சிற்றாணை எனத் தோன்றலாம். ஆனால் உயிரைப் பறிப்பதற்கு முன் உரிமையைப் பறித்தனர். உரிமையைப் பறிப்பதற்கு முன், நீ இம்மண்ணுக்கு உரியவன் அல்லன் என்று ஊரறியச் சொல்லினர். அப்படிச் சொல்வதற்குத் தொப்பியினும் எளிய கருவி வேறில்லை.

ஆணைக்குப் பின் நேர்ந்தவை வரலாற்றிலே பதிந்துள்ளன. வல்லாக் சகோதரரின் கடை அதே 1938ஆம் ஆண்டிலே அவர் கையினின்றும் பறிபோயிற்று. யூலியஸும் மோரிஸும் அமெரிக்கா சென்று உயிர் பிழைத்தனர். டாகவ் ஊரிலே துணியச்சிடும் தொழிலை நடத்திய மற்றொரு சகோதரர் மக்ஸும் அவர் மனைவியும் 1944ஆம் ஆண்டில் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமிலே மாண்டனர். மவுட்னரின் மனைவி அன்னா நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கணவர் பேணித் திரட்டிய பொருள்கள் வியன்னா நாட்டாரியல் அருங்காட்சியகத்தின் கைக்குச் சென்றன. லெயோன் யெசல் 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இரகசியக் காவற்படையினராற் பிடிக்கப்பட்டு, அவர்கள் இழைத்த கொடுமையால் நலிந்து, 1942ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் தேதி பேர்லினிலே இறந்தார். தொப்பியைத் தேடித் திரட்டியவர், தைப்பித்து விற்றவர், மேடையேற்றிப் பாடியவர் ஆகிய மூவகையினரும் அத்தொப்பிக்கு அந்நியர் எனத் தள்ளப்பட்டனர்.

போர் முடிந்தது. வல்லாக் நிறுவனம் குடும்பத்தாரிடம் மீண்டது. அன்னா மவுட்னர் அமெரிக்காவிலிருந்து திரும்பிக் குருண்டல் ஏரிக்கரையிலே துணியச்சிடும் தம் கைத்தொழிலைத் தொடர்ந்தார். 1950ஆம் ஆண்டிலே யெசலின் இசை நாடகம் வண்ணத் திரைப்படமாக வெளிவர, இடிபாடுகளுக்கிடையே வாழ்ந்த ஜேர்மன் மக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். சிவப்புப் பந்துகள் ஆடும் அத்தொப்பியைக் கண்டு களித்தவருள், அந்த இசையை ஆக்கியவருக்கு நேர்ந்த முடிவை நினைத்தவர் எத்தனை பேர்! நினைவு வருவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. 2007ஆம் ஆண்டில் மியூனிக் யூத அருங்காட்சியகம் வல்லாக் சகோதரரின் வரலாற்றைக் கண்காட்சியாக அமைத்தது. வியன்னா நாட்டாரியல் அருங்காட்சியகம் மவுட்னரின் பொருள்கள் தன்னிடம் வந்த வகையைத் தானே ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டில் அதனை மறையாது மக்கள் முன் வைத்தது.

இன்றும் மலைத்தொப்பி வாழ்கின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் செல்லும் முதியவர் தலையிலும், வாத்தியக் குழுவினர் தலையிலும் அதனைக் காணலாம். தெற்கு ஜேர்மனியின் லிண்டன்பேர்க் நகரிலே பழைய தொப்பி ஆலையொன்றில் தொப்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒக்டோபர் விழாவுக்கு வரும் பன்னாட்டு மக்களும் தொப்பி வாங்கி அணிகின்றனர். அவற்றுட் பல இறகும் போலி, கம்பளியும் போலி என்று மூத்தோர் குறைகூறுவதுண்டு. அக்குறை கைத்தொழிலைப் பற்றியதாயின் நியாயமானதே; நல்ல தொப்பியைச் செய்யும் கை குறைந்துவருதல் வருந்தத்தக்கது. ஆனால் தொப்பி எவர் தலையில் இருக்கின்றது என்பதைப் பற்றியதாயின், 1938ஆம் ஆண்டின் ஆணையை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

பண்பாட்டுப் பொருள் எதுவாயினும், அதற்கு உரியவர் யார் என்னும் வினா எழும்போதெல்லாம் பிறப்பையே சான்றாகக் கேட்போர் உளர். அல்ப்ஸ் மலைத் தொப்பியின் வரலாறு வேறொரு சான்றையும் காட்டுகின்றது. பாறையேறி இறகு கொணர்ந்த வேடன், சங்கம் அமைத்த ஆசிரியர், பாதரசத்தால் நலிந்த தொழிலாளி, பெட்டி பெட்டியாய்ப் பழம்பொருள் திரட்டிய வியன்னா இளைஞர் ஆகிய இவரெல்லாரும் அத்தொப்பிக்கு உரியோரே. ஒரு பொருளை அறிந்து, விரும்பி, உழைத்துப் பேணியவரை அப்பொருளினின்றும் பிரிக்க எந்த ஆணையாலும் இயலாது. ஆணையிட்ட ஆட்சி ஏழு ஆண்டுகளுள் அழிந்தது. மவுட்னரின் குறிப்புகள் இன்றும் படிக்கப்படுகின்றன.